கோதுமை எனக்கு ஆவாதுன்னு சொன்னேன்

கோதுமை எனக்கு ஆவாதுன்னு நான் சொன்னது ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. மாமியாகிட்ட சொன்னேன். கட்டினவர்கிட்ட சொன்னேன். ரோட்டு மேஸ்திரிகிட்ட சொன்னேன். ஊர்ப் பெரியவங்க முன்னாடி எழுந்து நின்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சிது. இப்ப யாரு வூட்டுக்காவது போய் பிஸ்கட்டு வேணாம்னு தட்டைத் தள்ளினா, "ஒத்துக்காதா? அய்யோ, பாத்துக்கோங்க"ன்னு அக்கறையா கேக்கறாங்க. அந்த அக்கறையப் பாத்தா எனக்கு சந்தோஷம் வரல, பத்திக்கிட்டு வருது. அப்ப எங்கடா போனீங்க எல்லாரும்?

ஒடம்புல அது இன்னா பண்ணுதுன்னு முதல்ல சொல்லிடறேன். ஏன்னா அப்ப யாரும் அதை முழுசா காது குடுத்துக் கேக்கல. மொதல்ல உள்ளங்கை அரிக்கும். சொறிஞ்சா அடங்காத அரிப்பு, தோலுக்கு அடியிலிருந்து வரும். அப்புறம் காது மடல் சுடும். கழுத்துல, தொடையில, வயித்து மேல கம்பளிப்பூச்சி ஊர்ந்து போன மாதிரி தடிப்பு தடிப்பா கெளம்பும். உதடு கனக்கும், கண் இமை வீங்கி பாதிக் கண்ணு மூடிக்கும். வயித்தைப் பெரட்டி வாந்தி வரும். இதெல்லாம் கூட தாங்கிக்கலாம். கடைசியில தொண்டைக்கு வரும். மூச்சு உள்ள போவாம கீச்சு கீச்சுன்னு சத்தம் போடும், என் குரலே எனக்கு வேற யாரோ பேசற மாதிரி கேக்கும், கண்ணு இருட்டும், காலு தொவண்டு விழுந்துடுவேன். இவ்வளவும் அரை மணி நேரத்துக்குள்ள. அப்புறம் ரெண்டு மூணு மணி நேரம் போச்சின்னா எல்லாம் தானா அடங்கிடும். சாயங்காலம் வூட்டுக்குத் திரும்பி வர்றப்ப காட்டறதுக்கு ஒடம்புல ஒரு அடையாளம் கூட இருக்காது.

அது எழுபதுகளோட கடைசி. ஜவ்வாது மலையில, நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு நான் வாக்கப்பட்டு வந்து ரெண்டாவது வருஷம். வயசு இருபது கூட நெறையல. அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. அந்தப் படிப்புத் திமிரு எனக்கு ஒடம்பு பூரா இருக்குதுன்னு எங்க மாமியா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்துச்சி. கல்யாணமாகி ஒரு வருஷம் வயித்துல ஒண்ணும் தங்கலன்னு அதுக்கும் பேச்சு வாங்கியாச்சி. அப்படி இருக்கறப்பதான் முழுவாம ஆனேன். எனக்கு வேற எதுவும் வேணாம், இந்தப் புள்ள நல்லபடியா பொறந்துடணும், அது ஒண்ணுதான் என் மனசுல இருந்துச்சி.

அந்த வருஷம் மழை கைவிட்டு சாமை பதராப் போச்சி. கேவுரு கொஞ்சம் இருந்துச்சி, அதையும் விதைக்குன்னு மாமியா பானையில போட்டு வாயக் கட்டி வெச்சிடுச்சி. அப்பதான் மலைக்கு ஜீப்பு வர்ற மாதிரி ரோடு போடறாங்க, ஆள் வேணும்னு கீழருந்து மேஸ்திரி வந்தாரு. கூலியில பாதி காசு, மீதி கோதுமை. அரிசி இல்ல, கோதுமை. நாங்க பள்ளிக்கூடத்துல போடற உப்புமாவுல ஒடைச்ச கோதுமைய பாத்திருக்கோம். முழுக் கோதுமைய மூட்டையா ஊருக்குள்ள பாத்தது அதுதான் மொத தடவை.

அதை எப்படி ஆக்கறதுன்னு ஒருத்திக்கும் தெரியாது. சப்பாத்தின்னா இன்னான்னு கேக்கற ஊரு அது. மொத நாள் சாமைச் சோறு மாதிரி ஒலையில போட்டாங்க. எரிச்ச வெறகுதான் மிச்சம், கோதுமை வேவல. அப்புறம் ஒரல்ல போட்டு இடிச்சாங்க. கடைசியில ஏந்திரத்துல அரைச்சி, கேவுரு களி கிண்டற மாதிரி களி கிண்டினாங்க. துடுப்பு சட்டியிலயே ஒட்டிக்கிச்சி. கையில எடுத்தா கையில ஒட்டும், வாயில போட்டா அண்ணத்துல ஒட்டும். "சாமி, இத்த துன்னுட்டா ரெண்டு நாளைக்கு வாயத் தொறந்து யாரையும் திட்ட முடியாது போல கீது"ன்னு எங்க மாமியாவே சிரிச்சிச்சி. அந்த ஒரு நாள்தான் நாங்க ரெண்டு பேரும் சேந்து சிரிச்சது.

எங்க மலையில ஒரு வழக்கம் உண்டு. எந்த தானியம் புதுசா வூட்டுக்குள்ள வந்தாலும் மொதப் பிடி அம்மனுக்கு. புதுச் சாமை அறுத்தா, கோயில் வாசல்ல பொங்கல் வெச்சி படைச்ச பொறவுதான் வூட்ல ஒலை வெப்பாங்க. படைச்சதுக்கு அப்புறம் அந்த தானியத்தப் பத்தி ஒருத்தரும் கொறை பேசக்கூடாது. கசக்குதுன்னு சொல்லக்கூடாது, வேவலன்னு கூட சொல்லக்கூடாது. அம்மன் ஏத்துக்கிட்டதை மனுஷி தூத்தினா அடுத்த மழை வராதுன்னு பயம். கோதுமை எங்க மண்ணுல வெளைஞ்சதும் இல்ல, எங்க அம்மன் அதைக் கேட்டதும் இல்ல. எந்தச் சீமையில வெளைஞ்சி எந்தக் கப்பல்ல வந்துச்சோ! ஆனாலும் வழக்கம் வழக்கம்தானேன்னு, மொத மூட்டையப் பிரிச்ச அன்னிக்கே கோயில் வாசல்ல பொங்கல் வெச்சிட்டாங்க. நானும்தான் அடுப்புல வெறகு தள்ளினேன்.

ரோட்டு வேலை எங்க ஊர்லருந்து ஒரு மணி நேர நடை. காலையில களி தின்னுட்டு நடந்து போய், ஆம்பளைங்க கடப்பாரை போட்டுப் பேத்த கல்லையும் மண்ணையும் நாங்க கூடையில சொமந்து மேட்டுல கொட்டணும். வேலைக்குப் போக ஆரம்பிச்சி நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ, கூடையத் தலையில ஏத்தினதும் உள்ளங்கை அரிச்சிச்சி. சொணையுள்ள எலை ஏதாவது பட்டிருக்கும்னு நெனச்சேன். பத்து நடை நடக்கறதுக்குள்ள மொகம் வீங்கி கண்ணு சுருங்கிப் போச்சி. வாந்தி எடுத்துட்டு விழுந்தேன். எங்க வூட்டுக்காரரு ஓடி வந்து தூக்கிட்டுப் போய் நெழல்ல போட்டாரு. என் மொகத்தப் பாத்துட்டு, "இன்னாடி, தேனீ கொட்டிச்சா? உதடு இப்பிடி வீங்கிப் போச்சி?"ன்னு அவருதான் கேட்டாரு. இதை நல்லா ஞாபகம் வெச்சிக்கிட்டிருக்கேன். வீக்கத்தை என் கண்ணால நான் பாக்க முடியுமா? அவரு பாத்துச் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அடுத்த வாரம் திரும்பவும் அதே மாதிரி. அதுக்கப்புறம் நான் கணக்குப் போட ஆரம்பிச்சேன். களி தின்னுட்டுப் போன நாள்ல விழறேன். ஒரு நாள் களி அடிபிடிச்சிப் போச்சின்னு வெறும் புளித் தண்ணிய குடிச்சிட்டுப் போனேன், அன்னிக்கு ஒண்ணும் ஆவல. இன்னொரு நாள் பக்கத்து வூட்டுல குடுத்த வள்ளிக்கெழங்கு, அன்னிக்கும் ஒண்ணும் ஆவல. மறுநாள் கோதுமை, விழுந்தேன். இதுக்கு மேல இன்னா வேணும்? வூட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

"அத்தை, எனக்கு இந்தக் கோதுமை ஆவாதுங்க. கேவுரு கூழ் ஒரு சொம்பு ஊத்துங்க, போதும்."

மாமியா ஏந்திரத்த நிறுத்திட்டு என்ன மேலயும் கீழயும் பாத்துச்சி. "பள்ளிக்கூடத்துல அஞ்சு வருஷம் கோதுமை உப்புமா துன்னவதான நீ? அப்ப ஆச்சி, இப்ப ஆவலியா?"

நெசமாவே தின்னேன், தின்னுட்டு கபடி கூட ஆடினேன். ஒண்ணும் ஆனதில்ல. இதைவிட மோசமான கேள்வி அடுத்த வாரம் வந்துச்சி. வாரத்துல ஒரு நாள் சந்தைக்குன்னு ரோட்டு வேலை கெடையாது. ஆம்பளைங்க கீழ ஒடுகத்தூர் சந்தைக்கு எறங்கிடுவாங்க, நாங்க வூட்ல குந்தி புளி தட்டுவோம். அன்னிக்கும் அதே களிதான். தின்னேன். பயந்துக்கிட்டே தின்னேன். சாயங்காலம் வரைக்கும் குந்தினபடி கொட்டை எடுத்தேன். ஒரு அரிப்பு இல்ல, ஒரு தடிப்பு இல்ல. மாமியா அதை கவனிச்சிக்கிட்டே இருந்துச்சி.

"வேலை நாள்ல துன்னா ஆவல, லீவு நாள்ல துன்னா ஆவுதா? கோதுமைக்கு இன்னா, கெழமை தெரியுமா?"

சுத்தி இருந்த பொம்பளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்கும் அந்தக் கேள்வி சரிதானேன்னு பட்டுச்சி. அதுதான் வேதனை. நான் ஏதோ பொய் சொல்லிட்டு அதை நானே நம்பறேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. ஆனா ஒடம்பு என்னோடது இல்லியா? மூச்சு நின்னு போவுதே, அது பொய்யா? வயித்துல புள்ள அப்பதான் அசைய ஆரம்பிச்சிருந்துச்சி. நான் விழறப்ப அதுக்கு உள்ள இன்னா ஆவுதோன்னு அந்த பயம் வேற.

மேஸ்திரிகிட்ட போய் கொஞ்ச நாள் லேசான வேலை குடுங்கன்னு கேட்டேன். "மாசமா இருக்கறவங்க எத்தன பேரு சொமக்கறாங்க, நீ மட்டும் இன்னா மகாராணியா?"ன்னாரு. அவரு சொன்னதும் தப்பில்ல. எங்க மாமியாவே காட்டுல களை எடுக்கறப்ப வலி வந்து, அங்கேயே பெத்து, தொப்புள் அறுத்து எடுத்துட்டு வந்தது. அந்தக் கதைய என்னை எழுப்பறதுக்கு கோழி கூவற மாதிரி தெனம் காலையில சொல்லும்.

வூட்டுக்குள்ள இருந்தவரைக்கும் அது மாமியா மருமவ சண்டை. நான் ரோட்டுல நாலு பொம்பளைங்ககிட்ட வாய விட்டேன், "இந்தக் கோதுமை விஷம்"னு. அதோட அது ஊர் விஷயம் ஆயிப்போச்சி. அம்மனுக்குப் படைச்சதை விஷம்னு சொல்லிட்டாளே, ஏற்கெனவே ஒரு வருஷம் மழை இல்ல, இவ வாயால அடுத்த வருஷமும் போச்சின்னு ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சாங்க. மாமியாவே போய் ஊர்ப் பெரியவருகிட்ட பிராது வெச்சிட்டுது.

அந்தப் பெரியவரு கெட்டவரா இருந்திருந்தா எனக்கு இவ்வளவு எரியாது. நியாயமான மனுஷன். யாரையும் அதட்டிப் பேசமாட்டாரு. என்ன எழுந்திரிக்கச் சொல்லி, முழுசா பேசவிட்டாரு. மாமியாவையும் பேசவிட்டாரு. அப்புறம் எங்க வூட்டுக்காரரப் பாத்து கேட்டாரு: "நீ பக்கத்துல இருந்தவன். இன்னா பாத்த, சொல்லு."

எனக்கு மூச்சு வந்த மாதிரி இருந்துச்சி. வீங்கின உதட்டைப் பாத்து தேனீயான்னு கேட்டவரு ஆச்சே, இப்ப சொல்லிடுவாருன்னு அவரு மொகத்தையே பாத்தேன். அவரு அவங்கம்மாவப் பாத்தாரு. தரையப் பாத்தாரு.

"வெயில்ல மயங்கிச்சி. கோதுமையா இன்னான்னு எனக்கு இன்னாங்க தெரியும்?"

அவ்வளவுதான். வீக்கத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அட, பொய் சொல்ல வேணாம், பாத்ததைச் சொல்றதுக்கு இன்னாய்யா கேடு?

பெரியவரு யோசிச்சாரு. "ரெண்டு வாய்ப் பேச்சுல எது நெசம்னு எனக்குத் தெரியாது. கண்ணால பாத்துடலாம். நாளைக்குக் காலையில இந்தப் பொண்ணு அம்மன் வாசல்ல குந்தி எல்லாரும் பாக்க களி துன்னட்டும். உச்சி வரைக்கும் அங்கேயே குந்தியிருக்கட்டும். ஆவாததா இருந்தா ஒடம்பு சொல்லிடும். ஒடம்பு சொன்னா நான் இவ பக்கம்."

இதைவிட நியாயம் இன்னா கேக்க முடியும்? நானே ஒத்துக்கிட்டேன். சந்தோஷமா ஒத்துக்கிட்டேன்னு சொன்னா நம்புவீங்களா? எல்லாரு முன்னாடியும் மொகம் வீங்கி விழுந்தா போதும், அப்புறம் ஒருத்தரும் என்ன அந்தக் களிய தின்னச் சொல்லமாட்டாங்க, என் புள்ள பொழைச்சிக்கும்னு கணக்குப் போட்டேன்.

மறுநாள் காலையில அம்மன் கோயில் வாசல்ல பாய் போட்டு குந்த வெச்சாங்க. மாமியா கையாலயே களி, கொள்ளுக் கொழம்பு. ரெண்டு உருண்டை தின்னேன். இன்னும் ஒண்ணு போடுங்கன்னு நானே கேட்டு வாங்கித் தின்னேன். அப்புறம் குந்தினேன். ஊரே எதிர்க்க குந்திப் பாத்துச்சி. கையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டேன். ஒண்ணும் இல்ல. வெயில் ஏறுச்சி. "ஆத்தா, ஒரே ஒரு தடிப்பு காட்டு. ஒண்ணே ஒண்ணு"ன்னு வேண்டிக்கிட்டேன். நோவு வரணும்னு வேண்டிக்கிட்ட பைத்தியக்காரி நானாத்தான் இருப்பேன். அரிக்காத கையச் சொறிஞ்சி செவக்க வெச்சிக் கூட பாத்தேன். அதையும் மாமியா பாத்துடுச்சி. "பாருங்க சாமி, இவளே சொறிஞ்சிக்கறா!"ன்னு கத்துச்சி.

உச்சி வந்துச்சி. நான் கல்லு மாதிரி குந்தியிருந்தேன். ஒடம்பு நல்லா இருந்துச்சி, பசி கூட எடுத்துச்சி.

பெரியவரு எழுந்து துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு. அவரு மொகத்துல கோவம் இல்ல, வருத்தம்தான். கற்பூரம் ஏத்தி அம்மன்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கம்மா, நாளையிலருந்து வூட்ல போடறதைத் துன்னுட்டு வேலைக்குப் போன்னு சொல்லிட்டாரு. நான் ஏத்தினேன். விழுந்து கும்பிட்டேன். பொய்க்காரின்னு என் வாயாலயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிப்போச்சி.

அதுக்கு அடுத்த நாள் மாமியா என் எதிர்லயே குந்தி, நான் களிய முழுங்கறதைப் பாத்துட்டுத்தான் எழுந்துச்சி. அன்னிக்கு ரோட்டைப் பாக்க யாரோ பெரிய அதிகாரி ஜீப்புல வர்றாருன்னு மேஸ்திரி எல்லாரையும் விரட்டிக்கிட்டிருந்தாரு. ரெண்டு கூடை சொமக்கற நேரத்துல நாலு கூடை. மூணாவது கூடையிலயே உள்ளங்கை அரிச்சிச்சி. சொல்லல. நேத்துத்தான் மன்னிப்பு கேட்டிருக்கேன், இன்னிக்கு எந்த மொகத்த வெச்சிக்கிட்டு சொல்றது? கூடைய தூக்கினேன். காது சுட்டுச்சி, தூக்கினேன். மேடு ஏறினேன். தொண்டை அடைக்கறப்ப கூடையோட விழுந்தேன். இந்தத் தடவை கண்ணு முழிக்க ரொம்ப நேரம் ஆச்சின்னாங்க. கையில இரும்பைக் குடுத்திருக்காங்க, மஞ்சத் தண்ணி அடிச்சிருக்காங்க. நான் முழிச்சிப் பாத்தப்ப ஒரு பொம்பள, "அம்மன் எறங்கி அடிச்சிருக்கு"ன்னு சொல்லிக்கிட்டிருந்தா.

வயித்துல அசைவு நின்னு போச்சி. அன்னிக்கே தெரிஞ்சிது, ஆனா நானே எனக்குச் சொல்லிக்கல. தூங்குது, தூங்குதுன்னு வயித்தத் தடவிக்கிட்டே இருந்தேன். மூணாம் நாள் வலி வந்துச்சி. எங்க ஊர்ல பிரசவம் பாக்கற ஒரு அம்மா இருந்தாங்க, அவங்கதான் கூட இருந்தாங்க. ஆறாவது மாசம். அழுகைச் சத்தம் இல்லாம பொறந்துச்சி. அவங்க எனக்கு மட்டும் ஒரு தடவை காட்டிட்டு, துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்க பொதைச்சாங்கன்னு சொல்லல, நானும் கேக்கல. மாமியா தலையில அடிச்சிக்கிட்டு அழுதுச்சி, அது நடிப்பு இல்ல. பேரப்புள்ளைக்குன்னு ரெண்டு பழம்பொடவைய தொவைச்சி மடிச்சி வெச்சிருந்துச்சி. ஆனா அழுது முடிச்சதும் அது சொன்ன வார்த்தை: "தெய்வத்துக்கிட்ட வெளையாடினா இப்பிடித்தான்."

ஊரும் அதையேதான் சொல்லிச்சி. கொஞ்ச நாள்ல நானும் அதையே சொல்ல ஆரம்பிச்சேன். அதை நெனச்சாத்தான் வயிறு எரியுது. படிச்சவ, கணக்குப் போட்டவ, எது தின்னா எது ஆவுதுன்னு தானா கண்டுபுடிச்சவ, அந்தக் கோயில் வாசல்ல வருஷா வருஷம் விழுந்து, "நான் வாயால கெட்டேன், மன்னிச்சிடு ஆத்தா"ன்னு அழுதேன். அடுத்த வருஷம் மழை வந்துச்சி, சாமை வெளைஞ்சிது. ரோட்டு வேலை பாதியில நின்னு கோதுமை மூட்டையும் நின்னு போச்சி. எனக்கும் அந்த நோவு வரல. அப்ப அம்மன் மன்னிச்சிட்டான்னு ஊர் சொல்லிச்சி. அப்புறம் ரெண்டு பசங்க பொறந்தாங்க. மாமியாவும் போய்ச் சேந்துச்சி.

எண்பதுகள் முடியப்போற நேரம். புளி விக்கறதுக்கு நானும் வூட்டுக்காரரும் ஒடுகத்தூருக்கு எறங்கினோம். பஸ் ஸ்டாண்டுல ஒரு டீயும் ரெண்டு பன்னும் தின்னேன். கோதுமைன்னா நான் கிட்ட போவமாட்டேன், ஆனா பன்னு கோதுமைன்னு எனக்கு எவன் சொன்னான்? வெள்ளையா, மெத்துன்னு இருக்குது. மலை அடிவாரத்துக்குப் போற பஸ்ஸு கெளம்பிடுச்சி. வாங்கின சாமான் மூட்டையத் தலையில வெச்சிக்கிட்டு பின்னாடியே ஓடினேன். பாதி தூரத்துல உள்ளங்கை அரிச்சிச்சி. பத்து வருஷம் கழிச்சி அதே அரிப்பு. 'ஆத்தா, இன்னும் கோவமா?'ன்னு நெனச்சது வரைக்கும்தான் ஞாபகம். காக்கா வலிப்புன்னு சாவிக்கொத்தைக் கையில திணிச்சாங்களாம். அங்கருந்த டாக்டரு ஊசி போட்டு, மூச்சு சரியா வரலன்னு வேன்ல ஏத்தி வேலூருக்கு அனுப்பிட்டாரு.

வேலூர் ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. ரெண்டு நாள் கழிச்சி என் கட்டில் பக்கத்துல வந்து நின்னு கேட்டாங்க, இன்னா சாப்ட்டீங்கன்னு. சொன்னேன். இதுக்கு முன்னாடி இப்பிடி ஆயிருக்கான்னு கேட்டாங்க. அதையும் சொன்னேன், ஆனா முழுசா சொல்லல, யாரு நம்பப் போறாங்கன்னு. அப்புறம் அவங்க ஒண்ணு கேட்டாங்க.

"சாப்ட்டதுக்கு அப்புறம் என்ன செஞ்சீங்கம்மா?"

அதை யாருமே கேட்டதில்ல. இன்னா தின்னன்னு கேட்டாங்க, எத்தினி தின்னன்னு கேட்டாங்க, யாரு மேல கோவம்னு கூட கேட்டாங்க. தின்னுட்டு இன்னா செஞ்சன்னு ஒரு ஆளு கேக்கல, நானும் என்னக் கேட்டுக்கல. "ஓடினேன்"னு சொன்னேன். "முன்னாடி விழுந்தப்ப?" "கூடை சொமந்தேன்." "சாப்ட்டுட்டு உக்காந்திருந்தப்ப?" எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சி. "ஒண்ணும் ஆவல"ன்னேன்.

அவங்க நிதானமா சொன்னாங்க. ஒடம்புக்குள்ள வர்ற கெட்டதை வெரட்டறதுக்கு ரத்தத்துலயே ஒரு ஏற்பாடு இருக்குதாம். என் ஒடம்புல அது கோதுமைய விஷம்னு தப்பா எடுத்துக்குதாம். சும்மா குந்தியிருந்தா கொஞ்சம் கொஞ்சமா உள்ள போவுது, ஒடம்பு தாங்கிக்கும். தின்ன சூட்டோட ஓடினா, சொமந்தா, மேடு ஏறினா, அது சட்டுனு ரத்தத்துல கலந்துடும், ஒடம்பு ஒரேயடியா சண்டைக்கு எழுந்துடும். ரத்தக்கொழாய் விரிஞ்சி ரத்த அழுத்தம் விழுந்துடும், மூச்சுக்கொழாய் சுருங்கிடும். சின்ன வயசுல ஒத்துக்கிட்டது பெரியவளானதும் ஒத்துக்காம போவறது உண்டாம். அப்புறம் முன்கையில வரிசையா சொட்டு மருந்து வெச்சி ஊசி முனையால கீறினாங்க. கொஞ்ச நேரத்துல ஒரு எடம் மட்டும் செவந்து கொப்புளமா கெளம்புச்சி. இதுதான் கோதுமைன்னாங்க. அந்தத் தடிப்பையே பாத்துக்கிட்டிருந்தேன். அன்னிக்கு கோயில் வாசல்ல கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டேனே, அது இப்ப வந்து நிக்குது, பட்டணத்துல, யாருக்கும் வேண்டாத நேரத்துல.

பன்னு, பரோட்டா, பிஸ்கட்டு, ரவை, சேமியா, மைதா எல்லாம் கோதுமைதான்னு சொன்னாங்க. இனிமே சோதிச்சிப் பாக்கறேன்னு ஒரு வாய் கூட தின்னக்கூடாது, உசுருக்கு ஆபத்துன்னாங்க. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு நான் கேட்டேன்: "வயித்துல புள்ள இருந்தா?"

"அம்மாவுக்கு ரத்த ஓட்டம் கொறைஞ்சா கொழந்தைக்கும் கொறையும்மா. அதனாலதான்னு இப்ப உறுதியா சொல்ல முடியாது. ஆனா ஆயிருக்கலாம்."

இதெல்லாம் எங்க வூட்டுக்காரரும் கட்டில் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. பஸ்ஸுல திரும்பி வர்றப்ப, அணைக்கட்டு ஊரைத் தாண்டினதும் மெதுவா ஆரம்பிச்சாரு.

"இத்த அன்னிக்கே நீ இந்த மாதிரி வெவரமா எடுத்துச் சொல்லியிருந்தா எங்கம்மா கேட்டிருக்கும்."

பஸ்ஸுன்னு கூட பாக்கல நான். "யோவ், சொன்னேன்யா! வாய் வலிக்க சொன்னேன். உன்ன சாட்சி கேட்டாங்க. என் உதடு வீங்கினதைப் பாத்தவன் நீ. வெயில்ல மயங்கிச்சின்னு சொன்னவனும் நீ!" முன் சீட்டுல இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும்.

அவரு தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. எங்கம்மா எதிர்க்க எனக்கு பயம்னு முணுமுணுத்தாரு. அது எனக்குப் புதுசு இல்ல. ஒடுகத்தூர் வர்றதுக்கு முன்னாடி கண்ணைத் தொடைச்சிக்கிட்டு, என் பக்கம் திரும்பாமயே கேட்டாரு: "அது... இன்னா புள்ள?"

பத்து வருஷம். ஒரே வூடு, ஒரே பாய். அப்புறம் ரெண்டு புள்ளைங்கள பெத்து ரெண்டு பேரும் தூக்கி வளத்தோம். ஒரு நாள் கூட அந்த ஆளு இதைக் கேட்டதில்ல. இப்ப கேக்கறாரு, டாக்டரு சொன்ன பொறவு. பிரசவம் பாத்த அம்மாவும் செத்துட்டாங்க, இப்ப அது தெரிஞ்சவ நான் ஒருத்திதான். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அதுக்கப்புறம் எத்தனையோ தடவை கேட்டுட்டாரு, கெஞ்சியும் கேட்டாரு, குடிச்சிட்டு அழுதும் கேட்டாரு. நான் சொல்லல.

பொண்ணு.